உப்புக் காற்றில் ஓமின் விதி

சிலாபத்திலிருந்து வடக்கே கற்பிட்டி முனை வரை புத்தளம் கரையோரமாகப் போகிறவருக்கு மின்சாரத்தின் இரண்டு அந்தங்களும் ஒரே பயணத்தில் தெரியும். நுரைச்சோலையில் லக்விஜய அனல்மின் நிலையம் இருக்கிறது. 300 மெகாவாற்று வீதம் மூன்று பொறிகள். முதலாவது 2011 இல் திறக்கப்பட்டது, மூன்றும் சேர்ந்து 2014 இல் 900 மெகாவாற்று ஆனது. நாட்டில் இதைவிடப் பெரிய மின் நிலையம் இல்லை. அதிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, ஆலங்குடாவிலோ ஏத்தாளையிலோ, வெங்காயத் தோட்டத்துக்கு நீர் இறைக்கும் ஒரு குதிரைவலு மோட்டர் பின்னேரத்தில் 'கரண்ட் குறைவு' என்று முனகிக்கொண்டு நிற்கும். மலையளவு மின்சாரம் பிறக்கும் இடத்தின் வேலியோரத்தில் இருப்பவனுக்கு ஏன் குறைவு என்று தோட்டக்காரர்கள் கேட்பது நியாயமான கேள்விதான். பதில் சாதாரண தரத்து விஞ்ஞானப் பாடத்தில் இருக்கிறது: மின்னழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு.

பிள்ளைகள் இந்த இரண்டு கணக்குகளையும் ஒரு முக்கோணம் வரைந்து மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். கணக்கில் பிழையும் விடுவதில்லை. ஆனால் எந்த வோல்ற்றை எந்த அம்பியரால் வகுத்தாலும் ஏதோ ஓர் எண் வந்தே தீரும். அந்த எண்ணை எங்கே, எப்போது, எந்த நிலையில் அளந்தோம் என்பதைச் சொல்லாமல் 'தடை' என்று எழுதிவிட்டால் அது பாதிக் கணக்குத்தான். மற்ற இடங்களில் இந்தக் குறை வெளியே தெரியாமல் போகலாம். உப்பும் மணலும் காற்றும் சேர்ந்த புத்தளக் கரையில் தெரியாமல் போகாது.

முதலில் பெரிய அந்தத்தைப் பார்ப்போம். நுரைச்சோலையின் மின்சாரம் 220 கிலோவோல்ற்றுக் கோபுர வழியாகச் சிலாபம் பக்கமாக வெயாங்கொடைக்குப் போகிறது. நூறு கிலோமீற்றருக்கும் மேற்பட்ட தூரம். ஒரு பொறியின் 300 மெகாவாற்றை மூன்று கட்டக் கம்பிகளில் 220 கிலோவோல்ற்றில் அனுப்பினால், ஒவ்வொரு கம்பியிலும் ஏறக்குறைய 790 அம்பியர் ஓடும். ஒரு கம்பியின் தடையைக் கணக்குக்காக 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கம்பியில் வெப்பமாகிப் போகும் வலு ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கியது; மூன்று கம்பிக்கும் சேர்த்து 9 மெகாவாற்றுக்குச் சற்று மேல். அனுப்பியதில் நூற்றுக்கு மூன்று. பொறுத்துக்கொள்ளலாம்.

அதே 300 மெகாவாற்றை 22 கிலோவோல்ற்றில் அனுப்பினால்? ஓட்டம் பத்து மடங்கு, இழப்பு நூறு மடங்கு: 900 மெகாவாற்றுக்கு மேல். அனுப்பியது 300, வழியில் எரிந்தது 900! எண்களைப் போட்டவர் பிழை விடவில்லை. 22 கிலோவோல்ற்றில் அந்தக் கம்பி அவ்வளவு வலுவைக் கடத்தவே மாட்டாது என்பதைத்தான் அந்த அபத்தமான விடை தெரிவிக்கிறது. விடை அபத்தமாக வரும்போது அதை அடித்துவிடாமல் என்ன சொல்கிறது என்று கேட்கப் பழக்குவது பள்ளிக்கூடத்தில் அரிதாகவே நடக்கிறது.

கேயோர்க் சைமன் ஓம் இந்த உறவை நிலைநாட்டிய நூலை 1827 இல் வெளியிட்டார். அப்போதைய மின்கலங்கள் நிமிடத்துக்கு நிமிடம் தளர்ந்துபோகும். அவற்றை வைத்து ஓட்டத்தை அளந்தால் ஒரு விதியும் பிடிபடாது. அதனால் அவர் கலத்தை விட்டுவிட்டு, செம்பையும் பிஸ்மத்தையும் பொருத்தி, ஒரு மூட்டைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்து, அசையாத மின்னழுத்தம் ஒன்றைப் பெற்றார். அவருடைய கெட்டித்தனம் இந்த ஏற்பாட்டில்தான் இருந்தது. சமன்பாடு அதற்குப் பிறகு வந்தது. ஜெர்மனியில் அவரை உடனே யாரும் கொண்டாடவில்லை. இலண்டன் றோயல் கழகத்தின் கொப்லி பதக்கம் 1841 இல் கிடைத்தது. அதே காலத்தில் ஜேம்ஸ் ஜூல், கம்பியில் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் இருமடியில் ஏறுகிறது என்று இங்கிலாந்தில் அளந்து காட்டினார். ஓம், வோல்ற்று, அம்பியர் என்ற பெயர்கள் 1881 இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாட்டுக்குப் பிறகே உலகப் பொதுவாயின.

ஓம் கண்டது உலோகக் கம்பியைப் பற்றியது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்த ஈவு மாறாதிருக்கிறது என்பதே விதி. ஈவுக்குத் 'தடை' என்று பெயர் வைப்பது வேறு விடயம்; அது வரைவிலக்கணம். வரைவிலக்கணம் எதற்கும் பொருந்தும், விதி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. பழைய 60 வாற்றுக் குமிழ் ஒன்று வீட்டில் கிடந்தால் மல்ரிமீற்றரால் அதன் தடையைப் பாருங்கள். 60, 65 ஓம் அளவில் காட்டும். 230 வோல்ற்றை அதனால் வகுத்தால் ஓட்டம் 3.5 அம்பியர், வலு 800 வாற்றுக்கு மேல். குமிழின் கண்ணாடியில் எழுதியிருப்பதோ 60. எரியும்போது இழை 2,500 பாகையைத் தொடுகிறது, தடை 880 ஓமுக்கு ஏறிவிடுகிறது. இரண்டு எண்ணும் உண்மை: ஒன்று குளிர்ந்த இழையினது, மற்றது எரியும் இழையினது. இன்றைய எல்ஈடி குமிழில் அதுவும் இல்லை. உள்ளே ஒரு மின்னணுச் சுற்று இருக்கிறது, அதன் 'தடை' என்று ஓர் எண்ணைச் சொல்வதில் பொருளே கிடையாது. பாடநூல் வினாக்கள் இன்னும் குமிழை மாறாத் தடையாகவே வைத்துக் கணக்குக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை.

இதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று உண்டு. வலுவுக்கு இரண்டு சூத்திரங்கள். ஒன்றில் ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்குகிறோம். அதன்படி தடை கூடினால் வெப்பம் கூடும். மற்றதில் அழுத்தத்தின் இருமடியைத் தடையால் வகுக்கிறோம். அதன்படி தடை கூடினால் வெப்பம் குறையும். எது சரி? கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இதைக் கேட்டால் பல ஆசிரியர்கள் மழுப்பிவிடுவார்கள். விடை, எது மாறாமல் நிற்கிறது என்பதில் இருக்கிறது. ஒரு 2,000 வாற்றுக் கேத்தலை எடுங்கள். 230 வோல்ற்றில் ஓட்டம் 8.7 அம்பியர், தடை 26.5 ஓம். சுவரில் வருகிற அழுத்தம் நிலையானது, ஆகவே தடை குறைந்த கேத்தல் கூடுதலாகச் சூடேறும். இப்போது அதே கேத்தலின் பிளக் முள் கடற்காற்றில் பச்சை பூத்து, சொக்கெட்டோடு சரியாகப் பொருந்தாமல் அரை ஓம் தடையைச் சேர்த்துவிட்டது என்று வையுங்கள். மொத்தத் தடை 27 ஓம், ஓட்டம் 8.5 அம்பியர். ஓட்டத்தைத் தீர்மானிப்பது கேத்தல். மூட்டு அந்த ஓட்டத்தைச் சும்மா சுமக்கிறது. ஆகவே மூட்டில் தடை கூடக் கூட வெப்பமும் கூடும்: 36 வாற்று. கேத்தல் இழந்தது 75 வாற்று மட்டும். தண்ணீர் கொதிக்க ஒரு கணம் பிந்தும், வீட்டில் எவரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ரேடியோ திருத்துபவரின் ஈயம் பற்றவைக்கும் கருவியே 25 முதல் 40 வாற்றுத்தான். அதைப் பிளாஸ்டிக் சொக்கெட்டுக்குள் சொருகி வைத்த மாதிரி. கரையோர வீடுகளில் கருகிய பிளக்குகள் இவ்வளவு காணப்படுவதற்குக் காரணம் இதுதான். கேத்தலைக் குறை சொல்லிப் பயனில்லை.

படகுப் பற்றரியில் இதே கணக்கு இன்னும் கொடுமையானது. 60 வாற்று விளக்குக்கு 230 வோல்ற்றில் கால் அம்பியரே போதும். 12 வோல்ற்றில் 5 அம்பியர் வேண்டும். முனையில் உப்புப் பிடித்து அரை ஓம் சேர்ந்தால், வீட்டு விளக்குக்கு அது தெரியவே தெரியாது. படகிலோ இரண்டு வோல்ற்றுக்கு மேல் மூட்டிலேயே போய்விடும். பற்றரி செத்துவிட்டது என்று புதிது வாங்குகிறவர் முதலில் முனையைச் சுரண்டித் துடைத்துப் பார்ப்பது நல்லது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ஒரு குதிரைவலு என்பது 746 வாற்று. அது மோட்டர் தண்டில் வெளியே கொடுக்கும் வலு. நூற்றுக்கு எழுபது வினைத்திறன் என்றால் உள்ளே எடுப்பது 1,070 வாற்று அளவில். வலுக்காரணி 0.8 என்று கொண்டால் 230 வோல்ற்றில் ஓட்டம் 5.8 அம்பியர். 230 ஐ 5.8 ஆல் பெருக்கினால் 1,330 வருகிறதே, மீதி எங்கே என்று கேட்கலாம். ஆடலோட்டத்தில், அதாவது ஏசி கரண்டில், மோட்டரின் சுருள் ஒரு பங்கு ஓட்டத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பங்கு வேலை எதுவும் செய்வதில்லை, ஆனால் வயரைச் சூடாக்குகிறது. கிளாம்ப் மீற்றரால் அம்பியரைப் பார்த்து, வோல்ற்றால் பெருக்கி, 'என் மோட்டர் இத்தனை வாற்று எடுக்கிறது' என்று சொல்பவர் கால் பங்கு கூட்டிச் சொல்கிறார். வீட்டு மின்மானி உண்மையான வலுவையே எண்ணுகிறது. இறால் பண்ணை, ஐஸ் தொழிற்சாலை, பாலாவிச் சீமெந்து ஆலை போன்ற பெரிய பாவனையாளர்களின் கதை வேறு. அவர்களுக்கு உச்சக் கேள்விக் கட்டணம் கிலோவோல்ற்று அம்பியரில், வெறும் பெருக்கற்பலனில், கணக்கிடப்படுகிறது. 100 கிலோவாற்று வேலையை 0.7 வலுக்காரணியில் செய்கிற ஆலை 143 க்குக் கட்டணம் கட்டும். கொள்ளளவிகளைப் பொருத்தி 0.95 க்கு உயர்த்தினால் 105 க்குக் கட்டினால் போதும்.

கற்பிட்டிக் குடாநாடு மணல். மணலுக்கு அடியில் உப்பு நீருக்கு மேலே மழைநீர் மெல்லிய வில்லையாக மிதந்து நிற்கிறது. அதை ஆழமில்லாத கிணறுகளிலிருந்து இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் விளைகின்றன. கிணறு வீட்டிலிருந்து நூறு மீற்றர் தள்ளி இருப்பது சாதாரணம். வயரிங் பாஸ் மலிவாகக் கிடைத்த 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரை இழுத்துவிட்டுப் போகிறார். போகவும் வரவும் 200 மீற்றர், தடை 2.3 ஓம். ஓடும்போது 13 வோல்ற்று விழும். சட்டப்படி வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ற்று, நூற்றுக்கு ஆறு கூடவோ குறையவோ, அதாவது 216 க்கும் 244 க்கும் இடையில். ட்ரான்ஸ்ஃபோமரிலிருந்து வரும் நீண்ட கம்பியின் கடைசி வீட்டுக்கு, எல்லாத் தோட்டங்களும் நீர் இறைக்கும் பின்னேரத்தில், கீழெல்லையான 216 தான் வருகிறது என்று வைத்தால் மோட்டருக்குப் போய்ச் சேர்வது 202. கேத்தலாக இருந்தால் அழுத்தம் குறைய ஓட்டமும் குறையும், கொஞ்சம் மெதுவாகக் கொதிக்கும், கேடு இல்லை. மோட்டர் அப்படி அல்ல. தண்ணீரின் பாரம் குறையவில்லை. அதே வேலையைக் குறைந்த வோல்ற்றில் செய்ய அது கூடுதல் அம்பியரை இழுக்கிறது. 230 இல் 5.8 எடுத்த மோட்டர் 200 இல் 6.7 எடுக்கும். சுருளில் வெப்பம் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் ஏறும். ஓமின் விதியை மட்டும் படித்தவருக்கு இது தலைகீழாகத் தெரியும்: அழுத்தம் குறைகிறது, ஓட்டம் கூடுகிறது! மோட்டரை ஒரு தடை என்று நினைத்ததால் வந்த மயக்கம் அது.

தொடங்கும் கணத்தில்தான் உண்மையான சோதனை. நின்றிருக்கும் மோட்டர் ஓடும்போது எடுப்பதைப்போல ஆறு மடங்கு, 35 அம்பியர் அளவில் கேட்கும்; அந்தக் கணத்தில் அதை 6.6 ஓம் என்று கொள்ளலாம். (சுருளில் தூண்டலும் உண்டு, தோராயத்துக்கு இது போதும்.) 2.3 ஓம் வயரோடு தொடராக வைத்தால், வீட்டில் முழு 230 இருந்தாலும் மோட்டருக்குக் கிடைப்பது 170 வோல்ற்று. தொடக்க முறுக்கு விசை அழுத்தத்தின் இருமடியில் போவதால், இருக்கவேண்டியதில் நூற்றுக்கு ஐம்பத்தைந்தே மிஞ்சும். மோட்டர் முனகும், சுழலாது. ஐந்து நிமிடம் அப்படி விட்டால் சுருள் எரிந்துவிடும். அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தால் தடை 0.86 ஓம், தொடக்கத்தில் 203 வோல்ற்று, முறுக்கு விசை நூற்றுக்கு எழுபத்தெட்டு. குற்றம் நுரைச்சோலையிலும் இல்லை, பல வேளைகளில் மின் விநியோகத்தாரிடமும் இல்லை. கிணற்றுக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கிறது. கம்பத்திலேயே வோல்ற்று குறைந்திருந்தால் விநியோகத்தாரிடம் முறையிடலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள மோட்டர் ஓடும்போது மானிப் பெட்டியருகில் ஒரு தடவையும் மோட்டரடியில் ஒரு தடவையும் அளக்கவேண்டும். மோட்டர் நிற்கும்போது அளந்தால் இரண்டு இடத்திலும் ஒரே எண்தான் காட்டும்.

தோட்டக்காரருக்குத் தடைக் கணக்கு வேறொரு வடிவிலும் வந்து சேர்கிறது. கிணற்று நீரின் உவரைப் பார்க்கும் சிறிய கடத்துதிறன் மானி உண்மையில் இரண்டு தகடுகளுக்கிடையே ஓர் அழுத்தத்தைக் கொடுத்து, ஓட்டத்தை அளந்து, வகுத்துப் பார்க்கும் கருவிதான். ஒரு சதுர சென்ரிமீற்றர்த் தகடுகள் இரண்டை ஒரு சென்ரிமீற்றர் இடைவெளியில் வைத்தால், கடல்நீரில் தடை 20 ஓம் அளவில் வரும். பாசனத்துக்குத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலக உணவு விவசாய அமைப்பின் வழிகாட்டி வைத்திருக்கும் எல்லை மீற்றருக்கு 0.7 டெசிசீமன், அந்த நீரில் அதே தகடுகளுக்கிடையே 1,400 ஓமுக்குச் சற்று மேல். வெங்காயம் உப்பைத் தாங்காத மென்மையான பயிர்களில் ஒன்று. மண்ணின் சாற்றில் 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். நமது தகட்டில் அது 830 ஓம். நல்ல நீருக்கும் கெட்ட நீருக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவுதான். அளவுக்கு மீறி இறைத்தால் வில்லை மெலிந்து கீழிருக்கும் உப்பு மேலே ஏறும், ஓம் இறங்கும். இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. சாதாரண பற்றரியை நேராகக் கொடுத்து அளந்தால் தகடுகளில் வாயுவும் அயன்களும் படிந்து எண் நகர்ந்துகொண்டே போகும். ஆகவே மானிக்குள் ஆடலோட்டம் கொடுக்கிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஓமை அலைக்கழித்த அதே தளர்ச்சி, கிணற்றடியில். புத்தளத்து உப்பளங்களில் இந்த மானி உதவாது. அங்கே நீரடர்த்திமானியை மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்க்கிறார்கள், 25 பாகை போமேயை எட்டும்போது உப்புப் படிகிறது.

உப்பு நிலத்தடியில் மட்டும் இருந்தால் பரவாயில்லை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்தக் கரையில் ஓயாமல் வீசும். அந்தக் காற்றை நம்பித்தான் 2010 இல் மாம்புரியிலும் சேகுவந்தீவிலும் தனியார் காற்றாலைகள் எழுந்தன. அதே கடல் கொந்தளிப்பால்தான் நுரைச்சோலைக்கு நிலக்கரி இறக்குவதை அந்த மாதங்களில் நிறுத்திவைத்து, முன்னரே குவித்த கரியில் காலம் தள்ளவேண்டியிருக்கிறது. நாட்டின் தென்மேற்குக்கு மழையைக் கொட்டும் அந்தப் பருவம் புத்தளத்துக்கு வறட்சி. காற்று உப்பைக் கொண்டுவந்து பீங்கான் காவலிகளில் படியவைக்கிறது, கழுவ மழை இல்லை. காய்ந்த உப்பு ஏறக்குறைய மின்கடத்தாது. விடியற்காலை பனி இறங்கியதும் அது நனைந்து ஒரு மெல்லிய கடத்தும் தோலாகிறது. நேற்று மதியம் கோடிக்கணக்கான ஓம் காட்டிய காவலி இன்று அதிகாலையில் அதில் ஒரு சிறு பங்குக்கு இறங்கிவிடும். கசிவோட்டம் பீங்கானைச் சூடாக்கி இடையிடையே உலரவைக்கிறது. உலர்ந்த வளையத்தில் முழு அழுத்தமும் குவிந்து பொறி தாவுகிறது. அதற்காகவே மேற்பரப்பில் மின் ஊரவேண்டிய தூரத்தை நீட்டி, பாவாடை போன்ற மடிப்புகளோடு காவலிகளைச் செய்கிறார்கள். சுத்தமான உள்நாட்டுக்குக் கிலோவோல்ற்றுக்கு 16 மில்லிமீற்றர் போதும் என்ற சர்வதேச அளவு, மிக மாசான கடலோரத்துக்கு 31 ஆகிறது; 33 கிலோவோல்ற்றுக் கம்பிக்கு, அதன் உச்ச அழுத்தமான 36 ஐ வைத்துக் கணக்கிட்டால், ஒரு மீற்றருக்கும் மேல்.

பொறி தாவிய பிறகு நடப்பதில் ஓமின் விதி முழுவதுமாகத் தலைகீழாகிறது. மின்வில்லில் ஓட்டம் ஏற ஏற வாயு மேலும் அயனாகி, ஈவு இறங்கிக்கொண்டே போகும். தானாக நிற்காது, வெளியிலிருந்து யாராவது அறுக்கவேண்டும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் தொடுகையுற்றதால்தான் நாடே இருண்டது என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி சொன்னபோது நாடு முழுவதும் சிரித்தது. சிரிப்பை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு விலங்கின் உடலை ஆயிரம் ஓம் என்று கொண்டு, கம்பிக்கும் நிலத்துக்கும் இடையே 19,000 வோல்ற்று என்று வைத்தால் 19 அம்பியர்தான். நாட்டை இருட்டாக்க அது போதாது. உடல் திறந்துவிட்ட வழியில் மின்வில் எழுந்தால் ஓட்டம் ஆயிரக்கணக்கில் போகும், அழுத்தம் சரியும், சூரியத் தகடுகளே பெரும்பங்கைச் சுமந்துகொண்டிருந்த ஞாயிறு பகலில் பாரம் தாங்கும் சுழல் பொறிகள் குறைவு. விளைவாக நுரைச்சோலையின் மூன்று பொறிகளும் நின்றன. 900 மெகாவாற்று இல்லாமற்போய், அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு வந்தது. அனல் பொறி ஒன்றை நிறுத்துவது நொடியில் நடக்கும், மறுபடி சூடேற்றி இணைக்க நாட்கள் பிடிக்கும். 2020 ஓகஸ்ட் 17 இருட்டடிப்பிலும் இதையே பட்டோம்.

எஞ்சியிருப்பது மனித உடல். காய்ந்த தோல் பல்லாயிரம் ஓம் காட்டும். நனைந்த கையும் வெறும் காலும் ஆயிரத்துக்கு இறங்கும். இறால் குளத்து உவர்நீரில் முழங்கால் வரை நிற்பவருக்கு அதைவிடக் குறைவாகவும் போகலாம். 230 ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி அம்பியர். சில பத்து மில்லி அம்பியர் ஒரு நொடி நெஞ்சினூடாக ஓடினாலே இதயத்தின் தாளம் குலையும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியர்க் கசிவில், ஒரு நொடியின் மூன்றில் ஒரு பங்குக்குள் விழவேண்டும் என்று வைத்திருப்பது இந்தக் கணக்கால்தான். குளங்களில் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள் இரவு முழுவதும் ஓடுகின்றன, விடியலுக்கு முன்தான் நீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. அந்த நேரத்தில் ட்ரிப் விழுந்தால் குளமே செத்துவிடும் என்ற பயத்தில் சுவிட்சைத் தாண்டி வயரைக் கொடுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பயம் எனக்கு விளங்குகிறது, தீர்வை ஏற்க முடியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி ட்ரிப் சுவிட்ச் வைத்தால் ஒன்று விழுந்தாலும் மற்றவை ஓடும். செலவு ஒரு குளத்து இறாலின் விலைக்குக் கிட்டவும் வராது.

எர்த் கம்பி இருக்கிறதே என்பார்கள். மணலில் அதை நம்பமுடியாது. ஒன்றரை மீற்றர்க் கம்பி ஒன்றின் நிலத்தடை, மண்ணின் தடைத்திறனில் ஏறக்குறைய பத்தில் ஆறு பங்கு. மார்கழி மழையில் நிலத்தடி நீர் ஏறி மண் உவர்நீரில் ஊறியிருக்கும்போது தடைத்திறன் 20 ஓம் மீற்றர் என்று வைத்தால் கம்பி 12 ஓம். பழுதான மோட்டரின் கசிவு 19 அம்பியர். ஆவணியில் மேல்மணல் காய்ந்து தடைத்திறன் ஆயிரத்தைத் தொட்டால் அதே கம்பி 600 ஓம், கசிவு 0.38 அம்பியர். 15 அம்பியர் பியூஸ் இதற்கு அசையாது. ட்ரிப் சுவிட்ச் இருந்தால் 30 மில்லி அம்பியரைப்போல பன்னிரண்டு மடங்கு என்பதால் உடனே விழும்; தாண்டிக் கொடுத்திருந்தால் மோட்டரின் உடல் 230 வோல்ற்றோடு அமைதியாக நின்றுகொண்டிருக்கும். வயரிங் சோதனை பெரும்பாலும் இணைப்புப் பெறும்போது ஒரு தடவை நடக்கிறது, அந்தத் தடவை எந்த மாதத்தில் வந்தது என்பதை யாரும் குறித்துவைப்பதில்லை. கற்பிட்டியிலும் முந்தலிலும் எர்த் அளக்கவேண்டிய மாதம் ஆவணி. மழைக்காலத்தில் அளந்து நல்ல எண் வந்தால் அது மழையின் எண். கம்பியை நிலத்தடி நீர்மட்டம் வரை ஆழமாக இறக்கினால் இரு பருவத்துக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெருமளவு ஒடுங்கும்; இந்தக் கரையில் நீர்மட்டம் ஆழமில்லை என்பதால் அதற்குப் பெரிய செலவும் இல்லை.

கருவி எதுவும் இல்லாதவர் மின்மானியையே பார்க்கலாம். 0.38 அம்பியரை 230 ஆல் பெருக்கினால் 88 வாற்று. வயரில் உள்ள கசிவானால் மோட்டர் ஓடினாலும் நின்றாலும் இரவு பகலாக அது ஓடும், மாதத்துக்கு 63 அலகு. வீட்டில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, கிணற்றுக்குப் போகும் வயரை மட்டும் இணைப்பில் விட்டு, மானியின் சிவப்பு விளக்கு இன்னும் சிமிட்டுகிறதா என்று பத்து நிமிடம் பார்த்தால் போதும். சிமிட்டினால் பிரதான சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் கிணற்றடிக்குப் போகவேண்டும்.